பழைய ராணுவத் துப்பாக்கியின் குழலை வெட்டலாமா?

கேள்வி: டெக்சாஸில் குடும்பத்தோடு இருக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். துப்பாக்கிச் சந்தையில் மொசின்-நகாந்த் 91/30 ஒன்று வாங்கினேன். சோவியத் ராணுவத்தில் இருந்தது. நண்பரின் பண்ணையில் காட்டுப்பன்றி சுடத்தான் வாங்கியது. ஆனால் அது என் தோளுயரம் இருக்கிறது. வண்டிக்குள்ளும் திருப்ப முடியவில்லை, புதருக்குள்ளும் திருப்ப முடியவில்லை. சுட்டாலும் குறி விலகுகிறது. குழலை 16 அங்குலத்துக்கு வெட்டிவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். வரியை எடுத்துவிட்டார்கள், அதைவிடக் குறைவாகவே வெட்டலாம் என்கிறார் இன்னொருவர். எது சரி? எச்-1பி விசாவில் இருக்கும் என் மைத்துனர் வேட்டைக்குக் கூட வரலாமா?

பதில்: முதலாமவர் சொல்வது சட்டப்படி ஏறக்குறைய சரி. இரண்டாமவர் பேச்சைக் கேட்டால் சிறைக்குப் போவீர்கள். மைத்துனர் விஷயம்தான் இந்த மூன்றிலும் சிக்கலானது. அதைக் கடைசியில் பார்ப்போம். சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு என் கருத்தைக் கேட்டால், வெட்டாதீர்கள்.

முதலில் சட்டம். அமெரிக்காவில் 1934-இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம் இரண்டு அளவுகளைக் கவனிக்கிறது. ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. துப்பாக்கியின் மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது 'குட்டைக்குழல் ரைஃபிள்' ஆகிவிடும். இயந்திரத் துப்பாக்கி, சைலன்சர் இருக்கும் அதே பட்டியலில் உங்கள் பன்றித் துப்பாக்கியும் போய்ச் சேரும். பதிவு செய்யாமல் அப்படியொன்றை வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம்.

இந்த 16 அங்குலத்தில் ஏதோ அறிவியல் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். 1934 மசோதாவின் முதல் வடிவத்தில் கைத்துப்பாக்கிகளையும் கட்டுப்படுத்துவதாக இருந்தது. அப்படிச் செய்தால், நீளத் துப்பாக்கியை வெட்டிக் கைத்துப்பாக்கி போல மடியில் செருகிக்கொள்வார்களே என்றுதான் குட்டைக்குழல் விதியைச் சேர்த்தார்கள். எதிர்ப்பு வந்து கைத்துப்பாக்கியை மசோதாவிலிருந்து எடுத்தார்கள். அதற்குக் காவலாக வைத்த விதி மட்டும் நின்றுவிட்டது. முதலில் 18 அங்குலம் என்றிருந்ததை ரைஃபிள்களுக்கு 1960-இல் 16 ஆக்கினார்கள். சட்டத்தின் காரணம் போய் 90 ஆண்டு ஆகிவிட்டது. தண்டனை அப்படியே இருக்கிறது. நீதிமன்றத்தில் இந்தக் கதையைச் சொல்லி யாரும் தப்ப முடியாது.

அளப்பதிலும் ஒரு முறை உண்டு. குழல் என்றால் வெளியே கண்ணுக்குத் தெரியும் இரும்பு மட்டும் அல்ல. தோட்டா அறையும் சேர்த்தி. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். போல்ட்டை மூடி, விசை ஏற்றிய நிலையில் வையுங்கள். மெல்லிய மரக்குச்சி ஒன்றைக் குழல் வாய் வழியே இறக்கினால் போல்ட்டின் முகத்தில் போய் முட்டும். வாயோடு ஒட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, குச்சியை வெளியே எடுத்து அளந்தால் வருவதுதான் சட்டம் சொல்லும் குழல் நீளம். மொத்த நீளத்தைக் குழலுக்கு இணையான நேர்கோட்டில், ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை அளக்க வேண்டும். அடிக்கட்டையின் சரிவை ஒட்டி டேப்பை வளைத்து அளந்தால் கூடுதலாகக் காட்டும். அந்தக் கணக்கு செல்லாது.

வெட்டியே தீருவது என்றால் 16 அங்குலத்தில் வெட்டக் கூடாது. வெட்டிய வாயை லேத்தில் சமன் செய்யும்போது கொஞ்சம் இரும்பு போகும். பின்னொரு நாள் வாயில் அடிபட்டுத் திரும்பவும் சீர்செய்தால் இன்னும் கொஞ்சம் போகும். கைதேர்ந்த துப்பாக்கிப் பட்டறைக்காரர் குறைந்தது கால் அங்குலமாவது மிச்சம் வைப்பார். 15.9 அங்குலத்துக்கும் 10 அங்குலத்துக்கும் சட்டம் வித்தியாசம் பார்ப்பதில்லை. வாயில் பொருத்தும் தீத்தணிப்பான் நீளத்தைக் கூட்டிக் காட்டலாமே என்று கேட்பீர்கள். திருகிக் கழற்றக் கூடியது கணக்கில் வராது. ஆணி அடித்து அதன் மேல் வெல்டிங் வைத்தது, உயர் வெப்ப வெள்ளிப் பற்று வைத்தது போல நிரந்தரமாகப் பொருத்தியது மட்டுமே குழலின் பகுதியாகும்.

இனி அந்த இரண்டாவது நண்பர். 1934 முதல் குட்டைக்குழல் ரைஃபிள் செய்ய 200 டாலர் வரி இருந்தது. அந்தக் காலத்தில் அது பெரும் தொகை. யாரும் செய்யக் கூடாது என்பதற்காகவே வைத்த வரி. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் 2026 ஜனவரி 1 முதல் அந்த வரியைப் பூஜ்யமாக்கியது. போனது வரி மட்டும்தான். பதிவு போகவில்லை. ஏடிஎஃப் எனப்படும் மத்திய அமைப்பிடம் 'படிவம் 1' விண்ணப்பம், கைரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை எல்லாம் முன்பு போலவே உண்டு. அனுமதி கையில் வந்த பிறகுதான் ரம்பம் குழலில் பட வேண்டும். முதலில் வெட்டிவிட்டுப் பிறகு விண்ணப்பிப்பது குற்றத்தை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போல. அனுமதி வந்ததும் செய்தவர் பெயரையும் ஊரையும் மாநிலத்தையும் துப்பாக்கியில் பொறிக்க வேண்டும். வேறு மாநிலத்துக்கு எடுத்துச் செல்ல முன்கூட்டியே தனி அனுமதியும் வேண்டும்.

இதைச் சுற்றி இரண்டு குறுக்குவழிகள் அடிக்கடி காதில் விழும். இரண்டும் பொறி. ஒன்று, 'அடிக்கட்டையையும் வெட்டிவிட்டால் அது கைத்துப்பாக்கி ஆகிவிடும், ரைஃபிள் சட்டம் பொருந்தாது' என்பது. ரஷ்ய உள்நாட்டுப் போரில் மொசினை முன்னும் பின்னும் வெட்டி கோட்டுக்குள் மறைத்தார்கள். அதற்கு 'ஒப்ரெஸ்' என்று பெயர். படம் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் பலர். ரைஃபிளாகப் பிறந்ததை வெட்டிச் செய்த எதுவாக இருந்தாலும், குழல் 16-க்கோ மொத்தம் 26-க்கோ குறைந்தால், 'ரைஃபிளிலிருந்து செய்த ஆயுதம்' என்று அதே சட்டம் பிடிக்கும்.

இன்னொன்று சற்று நுட்பமானது. மொசினின் மரக்கட்டையைக் கழற்றிப் பார்த்தால் ரிசீவரின் வாலடியில் ஆண்டு பொறித்திருக்கும். மேலே 1930களின் ஆண்டு இருக்க, அடியில் 1895 என்றுகூட இருக்கலாம். சோவியத் ஆலைகள் ஜார் காலத்து ரிசீவர்களைத் திரும்பப் பயன்படுத்தின. 1898-லோ அதற்கு முன்போ செய்தது என்றால் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் கண்ணில் அது 'பழம்பொருள்'. கடைக்காரரின் பின்னணிச் சோதனைகூடத் தேவையில்லை. 'அப்படியானால் எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம்' என்று முடிவு செய்தால் அங்கேதான் சறுக்கும். 1934 சட்டத்துக்குத் தனி வரையறை இருக்கிறது. தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கி அதன் கீழ் பழம்பொருள் ஆக வேண்டுமானால், அதற்குரிய தோட்டா அமெரிக்காவில் தயாராகாததாகவும் சாதாரணக் கடைகளில் கிடைக்காததாகவும் இருக்க வேண்டும். மொசினின் 7.62×54ஆர் தோட்டா இன்றும் கடையில் கிடைக்கிறது. ஆக ஒரு சட்டத்துக்குப் பழம்பொருள், இன்னொரு சட்டத்துக்குச் சாதாரண ரைஃபிள். வெட்டினால் மாட்டிக்கொள்வீர்கள்.

மாநிலச் சட்டம் தனி. டெக்சாஸில் மத்திய அரசிடம் பதிந்த குட்டைக்குழல் துப்பாக்கிக்குத் தடை இல்லை. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சியில் மத்திய அனுமதி இருந்தாலும் பொதுவாக நடக்காது. வேலை மாறி வேறு மாநிலம் போகும் வழக்கம் நம்மவர்களுக்கு அதிகம். அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இனிப் பட்டறை விஷயம். குறி விலகுகிறது என்றீர்கள். துப்பாக்கியைக் குறை சொல்லும் முன் ஒன்றைக் கேளுங்கள்: சோவியத் ராணுவம் 91/30-ஐக் குறி சரிபார்த்தது பயனெட் மாட்டிய நிலையில். அந்த நீள ஈட்டி குழல் வாயில் தொங்கும்போது குழல் அதிரும் விதமே வேறு. பயனெட் இல்லாமல் சுட்டால் குண்டு வேறு இடத்தில் விழுவது இயல்பு. முன் சைட்டைப் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கென்றே திருகு வைத்த சிறு கருவி விற்கிறார்கள். அதைச் செய்தும் சரிவரவில்லை என்றால் குழல் வாய் தேய்ந்திருக்கலாம். பல்லாண்டுகள் இரும்புக் கம்பி விட்டுத் துடைத்ததில் வாயோரம் தேய்வது இந்தத் துப்பாக்கிகளுக்கே உள்ள வியாதி. சோவியத் ஆலைகள் அதற்காகக் குழலை வெட்டவில்லை. வாயின் உட்புறத்தைச் சிறிது ஆழத்துக்கு அகலமாகக் குடைந்து, தேய்ந்த சுழல் வரிகளை அகற்றிவிட்டன. வெளிநீளம் மாறாது, சைட் மாறாது, குண்டு மட்டும் நல்ல விளிம்பிலிருந்து புறப்படும். உங்கள் துப்பாக்கியிலும் முன்பே அப்படிக் குடைந்திருக்கலாம்; டார்ச் அடித்து வாயை எட்டிப் பாருங்கள்.

வெட்டினால் என்ன ஆகும்? குழல் வாயை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போகிறது. முன் சைட்டின் வளையம் வாயருகே உள்ள தடிமனுக்குச் செய்தது. பத்து பன்னிரண்டு அங்குலம் பின்னால் வந்தால் குழல் தடிமன் கூடிவிடும், வளையம் ஏறாது. வேறு அடித்தளம் செய்து, நேர்மேலே வைத்துப் பற்றவைக்க வேண்டும். நூலிழை சாய்ந்தாலும் ஆயுளுக்கும் கோணல்தான். முன் சைட்டும் பின் சைட்டும் நெருங்கிவிடுவதால் பின் சைட்டில் பொறித்த தூர அளவுகளும் பொருந்தாது. வாயை இரும்பு ரம்பத்தால் அறுத்து அரத்தால் ராவி முடித்தால் குண்டு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டே வெளியேறும். இது லேத்தில், குழலின் துளையை மையமாக வைத்துச் செய்ய வேண்டிய வேலை. இதற்கெல்லாம் கூலி கொடுத்து முடிக்கும்போது துப்பாக்கியின் விலையையே தாண்டிவிடும்.

பலனையும் பார்ப்போம். 91/30-இன் குழல் 28.7 அங்குலம். தோட்டாவின் மருந்தும் நீளக் குழலுக்கென்று அளந்தது. குறையும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் குண்டின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 20 முதல் 40 அடி குறையும். பன்றிக்கு அது பெரிய இழப்பல்ல. எரியாத மருந்து வாய்க்கு வெளியே எரிவதுதான் தொல்லை. அந்தி நேரத்தில் ஒரு தீப்பந்து எழும்பிக் கண் கூசும், இரண்டாவது குண்டுக்குப் பன்றியும் தெரியாது, புதரும் தெரியாது. எடை குறைந்ததால் தோளில் உதை கூடும். காதடைப்பான் இல்லாமல் சுடவே முடியாது. பிரிட்டன் 1944-இல் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தது. லீ-என்ஃபீல்ட் எண் 4-ஐச் சுருக்கி, 'காட்டு கார்பைன்' என்று பெயர் வாங்கிய எண் 5-ஐக் கொண்டுவந்தது. குழல் 18.75 அங்குலம், வாயில் கூம்பு போன்ற தீத்தணிப்பான், அடிக்கட்டையில் ரப்பர் மெத்தை. அரசாங்கமும் ஆலையும் பொறியாளர்களும் சேர்ந்து செய்த அந்தத் துப்பாக்கியின் மேல் சிப்பாய்கள் சொன்ன புகார்கள் இரண்டு: உதை, குறி அலைகிறது.

1950களிலும் 60களிலும் அமெரிக்கர்கள் இந்த வெட்டும் வேலையைக் கூச்சமில்லாமல் செய்தார்கள். போர் முடிந்து மௌசர், என்ஃபீல்ட், ஸ்பிரிங்ஃபீல்ட் எல்லாம் தபாலில் மலிவாக வந்து இறங்கின. கென்னடியைச் சுட்ட இத்தாலியக் கார்க்கானோவும் சிகாகோ கடை ஒன்றிலிருந்து தபாலில் வந்ததுதான். 1968 சட்டம் தபால் விற்பனையையும் ராணுவ மிச்சத் துப்பாக்கி இறக்குமதியையும் அடைத்தது. பழஞ்சேகரிப்புத் துப்பாக்கிகளுக்கு மட்டும் 1980களில் கதவு திறந்தது. அன்று வெட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. புது வேட்டைத் துப்பாக்கி வாங்கக் காசில்லாதவர்களுக்கு அது நல்ல வழி. மொசின்கள் நூறு டாலருக்கும் கீழே மரப்பெட்டி பெட்டியாகக் கிடைத்த காலம்கூட வெகு தூரத்தில் இல்லை. இன்று அவை பல மடங்கு விலை. வெட்டியது மட்டும் அன்றும் இன்றும் அடிமாட்டு விலைக்குத்தான் போகிறது.

விலையோடு ஒரு சலுகையும் போகும். 50 ஆண்டு தாண்டி, முதல் வடிவத்திலேயே இருக்கும் துப்பாக்கியைப் 'பழஞ்சேகரிப்பு' என்று சட்டம் மதிக்கிறது. மூன்றாண்டுக்கு 30 டாலர் கட்டிச் சேகரிப்பாளர் உரிமம் வைத்திருப்பவர் வெளிமாநிலத்திலிருந்துகூட நேராக வீட்டுக்கு வரவழைத்துக்கொள்ளலாம். குழலை வெட்டினால் முதல் வடிவம் போச்சு, அந்தத் தகுதியும் போச்சு. நாளை விற்க நினைத்தால் வாங்கும் கூட்டம் பாதியாகக் குறைந்திருக்கும்.

அதனால் என் யோசனை இது. துப்பாக்கியை அப்படியே வைத்து விற்றுவிடுங்கள். விற்கும் முன் முத்திரைகளைப் பாருங்கள்: நட்சத்திரத்துக்குள் அம்பு இருந்தால் துலா ஆலை, முக்கோணத்துக்குள் அம்பு இருந்தால் இஷெவ்ஸ்க். சதுரத்துக்குள் 'எஸ்ஏ' என்றிருந்தால் ஃபின்லாந்து ராணுவத்தின் கைக்குப் போய் வந்தது. சேகரிப்பவர்கள் கூடுதல் விலை தருவார்கள். அந்தப் பணத்தில் ஆலையிலேயே குட்டையாகப் பிறந்ததை வாங்குங்கள். மொசினிலேயே எம்38 கார்பைனின் குழல் 20 அங்குலம், மொத்தம் 40 அங்குலம். 91/30-ஐவிட எட்டு அங்குலத்துக்கு மேல் குறைவு. எம்44-இல் பக்கவாட்டில் மடியும் பயனெட் உண்டு. அதன் சீன நகலான டைப் 53-உம் சந்தைக்கு வருகிறது. லீ-என்ஃபீல்ட் காட்டு கார்பைன் என்று யாராவது நீட்டினால் கவனம். எண் 4-ஐ வெட்டித் தீத்தணிப்பான் மாட்டி விற்கும் போலிகள் ஏராளம். உண்மையானதில் எடை குறைக்க, தோட்டா அறையை ஒட்டிய தடித்த பகுதியில் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். மரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

நம் நாட்டு இஷாப்பூர் ஆலையில் 7.62 நேட்டோ தோட்டாவுக்கென்று செய்த 2ஏ, 2ஏ1 ரைஃபிள்கள் அமெரிக்கச் சந்தைக்கு நிறைய வந்தன. அவற்றையும் வெட்டிக் கார்பைனாக்கி விற்றார்கள். முழு நீளத்தில் ஒன்று கண்ணில் பட்டால் எனக்கும் ஆசை வரும், ஒப்புக்கொள்கிறேன்.

வெட்டிப் பார்க்கும் ஆசை அடங்கவே இல்லை என்றால், யாரோ 1960-இல் ஏற்கெனவே வெட்டிக் கெடுத்த ஒன்றை மலிவாக வாங்கி அதில் கை வையுங்கள். அதில் கெடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வாங்கியதும் குழல் நீளத்தைக் குச்சி விட்டு நீங்களே அளந்து பாருங்கள். அன்று வெட்டியவர் சரியாக அளந்திருப்பார் என்று நம்ப வேண்டாம். குறைந்த நீளத் துப்பாக்கியை வாங்கியவரும் குற்றவாளிதான். எஸ்கேஎஸ் போல இறக்குமதியான அரைத்தானியங்கி என்றால் பாகங்களை மாற்றுவதற்கே தனி விதி உண்டு. போல்ட் துப்பாக்கிக்கு அந்தத் தலைவலி இல்லை.

எதை வாங்கினாலும் சுடும் முன் பட்டறைக்காரரிடம் தோட்டா அறை இடைவெளியை அளவுக்கட்டை வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் 1903 என்றால் எண்ணைப் பாருங்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் 8,00,000-க்கும், ராக் ஐலண்ட் ஆலையில் 2,85,507-க்கும் கீழே உள்ளவற்றில் சில ரிசீவர்கள் சூடேற்றிய முறை கெட்டு நொறுங்கும் தன்மை கொண்டவை. சுவரில் மாட்டி வைக்கத்தான் அவை. பழைய ராணுவத் தோட்டாவின் அடியிலுள்ள பற்றவைப்பு மருந்து உப்பை விட்டுச் செல்லும். அன்று மாலையே குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் போடாவிட்டால் சுழல் வரிகள் துருவேறிவிடும். அந்தத் தோட்டாவை வேட்டைக்குப் பயன்படுத்தவே கூடாது. முழு உறை போட்ட குண்டு பன்றியைத் துளைத்துக்கொண்டு போய்விடும், பன்றி புதருக்குள் ஓடி வெகுநேரம் துடிக்கும். ஈய முனைத் தோட்டா வாங்குங்கள்.

இப்போது மைத்துனர். எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையும் தோட்டாவையும் வைத்திருப்பது அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். சொந்தமாக வாங்குவது மட்டுமல்ல, உங்கள் துப்பாக்கியைச் சிறிது நேரம் கையில் பிடிப்பதும் 'வைத்திருத்தல்' ஆகலாம். விலக்குகளில் நம்மவருக்கு உதவக் கூடியது செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை உரிமம். டெக்சாஸில் இங்கே ஒரு வினோதம் இருக்கிறது. தனியார் நிலத்தில், நிலத்துக்காரர் அனுமதியோடு காட்டுப்பன்றி சுட 2019 செப்டம்பர் முதல் வேட்டை உரிமமே தேவையில்லை. அதைக் கேட்டு மைத்துனர் உரிமம் வாங்காமல் வந்தால், பன்றி விஷயத்தில் குற்றமில்லை, துப்பாக்கி விஷயத்தில் மாட்டிக்கொள்வார். விசாவும் போகும், வருங்காலத்துப் பச்சை அட்டையும் போகும். ஆகவே உரிமத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வரட்டும். அதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும். குட்டைக்குழல் ரைஃபிள் பக்கம் அவர் போகவே வேண்டாம்.

கனடா வாசகர்கள் இதைத் தங்களுக்கும் பொருத்திக்கொள்ளக் கூடாது. அங்கே நீளத் துப்பாக்கியை அறுத்துக் குழலை 457 மில்லிமீட்டருக்கோ மொத்தத்தை 660 மில்லிமீட்டருக்கோ கீழே கொண்டுவந்தால் அது தடைசெய்த ஆயுதம். பணம் கட்டிப் பதிந்து வைத்துக்கொள்ளும் வழி தனிநபருக்கு இல்லை.

ஊரில் தாத்தாவின் பழைய துப்பாக்கியைப் பரணில் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் குழலைக் குறைப்பதையே தனிக் குற்றமாக்குகிறது. இத்தனை அங்குலம் வரை பரவாயில்லை என்ற பேச்சே அதில் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, ரசீது வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். குழலைத் தொடாதீர்கள்.